ஐம்பத்தெட்டும் தொண்ணூற்றெட்டும்

மலாக்காவில் கோல்ஃப் ஆடும் தமிழர்கள் இருவர் புதிதாக அறிமுகமானால், பெயரும் ஊரும் கேட்ட கையோடு வருகிற அடுத்த கேள்வி, "உங்க பெஸ்ட் எவ்வளவு?" என்பதுதான். ஆயர் குரோவில் ஆடுபவரானாலும் அலோர் காஜா பக்கம் ஆ'ஃபாமோசா திடலில் ஆடுபவரானாலும் பதில் தயாராக இருக்கும். 84, 91, 97 என்று ஏதோ ஓர் எண். என்றோ ஒரு நாள், காற்றும் கையும் ஒத்துழைத்தபோது விழுந்த எண் அது. போன மாதம் ஆடிய நான்கு ஆட்டங்களின் சராசரி என்ன என்று கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரியாது. தன் ஆட்டத்தைப் பற்றி உண்மை சொல்லக்கூடிய எண் அந்தச் சராசரிதான் என்பதற்கு அறிவியல் நிறையச் சான்று வைத்திருக்கிறது. உலகச் சாதனை படைத்தவர்களின் அட்டைகளிலும் அதே சான்று கிடக்கிறது.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், 2016 ஆகஸ்டில் நடந்த டிராவலர்ஸ் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஜிம் ஃப்யூரிக் அப்போது 46 வயதுக்காரர். முதல் மூன்று நாளில் அவர் எடுத்தது 73, 66, 72. நான்காம் நாள், ஆகஸ்ட் 7 ஞாயிறு, அதே திடலில் அதே மட்டைகளோடு 58. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூர் வரலாற்றில் ஒரு சுற்றுக்கான மிகக் குறைந்த எண்ணிக்கை அது. கோல்ஃப் அறியாதவர்களுக்கு ஒரு வரி: பதினெட்டுக் குழிகளையும் நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்குக்கு 'பார்' என்று பெயர். அந்தத் திடலின் பார் 70. ஃப்யூரிக் அதைவிடப் பன்னிரண்டு அடி குறைவாக முடித்தார். முந்தைய நாள் 72, அடுத்த நாள் 58. இடையில் பதினான்கு அடி வித்தியாசம்.

ஓர் இரவில் அவர் திறமை பதினான்கு அடி உயர்ந்துவிடவில்லை. அந்தப் போட்டியில் அவர் வெல்லவும் இல்லை. ஐந்தாம் இடத்தைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார். கோப்பையை எடுத்துப் போனவர் ரஸ்ஸல் நாக்ஸ்.

சாதனை எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்கப் போனால் கதை பந்திலிருந்து தொடங்குகிறது. அங்கே நம் ஊரும் வந்துவிடுகிறது. 1848 வாக்கில் ஸ்காட்லாந்தில் புதுவகைப் பந்து ஒன்று புழக்கத்துக்கு வந்தது. இறகு திணித்த தோல் பந்தை அது ஓரங்கட்டியது. அதன் பொருள் 'கட்டா பெர்ச்சா', மலாய்க்காரர்கள் 'கெத்தா பெர்ச்சா' என்று சொல்லும் மரப்பிசின். மலாயாக் காடுகளில் வளர்ந்த மரங்களிலிருந்து இறக்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 1898இல், அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இழுத்துச் சுற்றி உருட்டிய பந்தைக் கண்டுபிடித்தார். அது பழைய பந்தைவிட வெகுதூரம் போனது. 1902இல் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால் வென்றதும் பழைய பந்தின் காலம் முடிந்தது.

ஹாஸ்கெல் நூல் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மலாக்காவில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். 1896இல் நட்ட அந்தத் தோட்டமே மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம். அடுத்து புக்கிட் அசகானில் மூவாயிரம் ஏக்கர். பிறகு ஜாசினிலிருந்து தெபோங் வரை பால்மரம் பரவியதையும், மரம் வெட்ட யார் வந்தார்கள் என்பதையும் இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத் துரைமார்கள் ஆடிய திடல்களில் பை தூக்கியதும் புதரில் பந்து தேடியதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். மலேசிய கோல்ஃபில் தமிழ்ப் பெயர்கள் இத்தனை இருப்பது தற்செயல் அல்ல. எம். ராமையா, பி. குணசேகரன், ஆர். நாச்சிமுத்து, எஸ். மூர்த்தி, எஸ். சிவசந்திரன் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களின் வரிசையே இருக்கிறது. கேடியாகப் பை தூக்கி, ஓய்ந்த நேரத்தில் இரவல் மட்டையில் பழகி மேலே வந்தவர்கள் இந்த நாட்டு கோல்ஃபில் பலர்.

இன்றைய பந்தின் உள்ளே இருப்பது இயற்கை ரப்பர் இல்லை, பாலிபியூட்டடையீன் என்னும் செயற்கை ரப்பர். 2000ஆம் ஆண்டு இறுதியில் திடமான உள்கூடு கொண்ட பந்துகள் சுற்றுப்போட்டிகளுக்குள் நுழைந்ததும் நூல் சுற்றிய பந்து ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போனது. பிஜிஏ டூரில் முதல் அடியின் சராசரித் தூரம் 1980இல் சுமார் 257 கஜம். 2023இல் ஏறக்குறைய 300 கஜம். தூரம் கூடினால் இரண்டாம் அடிக்குக் குட்டையான மட்டை போதும். குட்டை மட்டையில் அடித்த பந்து கொடிக்குப் பக்கத்தில் விழ வாய்ப்பு அதிகம்.

இதன் விளைவு சாதனைப் பட்டியலில் தெரிகிறது. பிஜிஏ டூரில் அறுபதுக்குக் கீழே முதலில் இறங்கியவர் அல் கைபெர்கர். 1977 ஜூன் 10, மெம்ஃபிஸ் நகரில், பார் 72 திடலில் 59. அடுத்தது சிப் பெக், 1991இல். மூன்றாவது டேவிட் டுவால், 1999இல். ஏழு அடி பின்தங்கித் தொடங்கிய அவர் கடைசிக் குழியில் ஈகல் (பாரைவிட இரண்டு அடி குறைவு) போட்டு 59ஐத் தொட்டதோடு பட்டத்தையும் எடுத்தார். ஆக இருபத்திரண்டு ஆண்டுகளில் மூன்றே பேர். 2010 தொடங்கி 2025 பிப்ரவரியில் ஜேக் நாப் 59 அடித்தது வரை கணக்கெடுத்தால், ஃப்யூரிக்கின் 58ஐயும் சேர்த்து, பன்னிரண்டு சுற்றுகள். ஃப்யூரிக் ஒருவரே அதில் இரண்டு. இத்தனைக்கும் அவர் நீளமாக அடிப்பவர் என்று பெயர் எடுத்தவரே இல்லை. ஆகவே தூரம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சி, உடற்தகுதி, குழியைச் சுற்றிய பச்சைத்தரைப் பராமரிப்பு, ஆடுவோர் கூட்டத்தின் தரம் எல்லாம் ஒருசேர உயர்ந்திருக்கின்றன.

எண்ணை மட்டும் பார்ப்பது ஏமாற்றும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2024 பிப்ரவரியில் சிலி நாட்டு கிறிஸ்டோபல் டெல் சோலார் கொலம்பியாவின் பொகோடாவில் 57 அடித்தார். பிஜிஏ டூர் நடத்தும் இரண்டாம் நிலைச் சுற்றுப்போட்டி அது. அந்தத் திடலின் பார் 70. கைபெர்கரின் 59 வந்ததோ பார் 72 திடலில். பாரோடு ஒப்பிட்டால் இரண்டுமே பதிமூன்று குறைவுதான். மேலும் பொகோடா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. பந்தை இழுத்துப் பிடிக்கும் தடையும் குறைவு. அதே அடிக்குப் பந்து சுமார் பத்து விழுக்காடு கூடுதலாகப் போகும்.

நம் மலாக்காவுக்கு உயரம் கிடையாது, வெப்பம் உண்டு. 32 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி, 12 பாகைக் குளிர்காலைக் காற்றைவிட ஆறேழு விழுக்காடு குறைவு. புழுக்கமான நாளில் "காத்து கனமா இருக்கு, பந்து போகல" என்று சொல்பவர்களைத் திடலில் அடிக்கடி கேட்கலாம். இயற்பியல் சொல்வது நேர் எதிர். நீராவியின் மூலக்கூறு எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி 29. ஈரம் ஏறினால் காற்று இலேசாகிறது. அந்த மாற்றம் மிகச் சிறியது என்பதால் பந்தின் தூரத்தில் தெரியவும் தெரியாது. பந்து போகாததற்குக் காரணம் காற்று அல்ல, பெரும்பாலும் வியர்வையில் வழுக்கும் கைப்பிடியும் களைத்த உடம்பும்தான்.

மழையும் கணக்கில் வரும். பிற்பகல் இடிமழை ஊறிய பச்சைத்தரை மெத்தென்று இருக்கும். விழுந்த பந்து ஓடாமல் நிற்கும். சேறு ஒட்டினால் எடுத்துத் துடைத்து வைத்து ஆடலாம் என்ற விதியும் அப்படிப்பட்ட நாட்களில் அமலாகும். கைபெர்கரின் 59 கூட அந்த விதி அமலில் இருந்த நாளில் வந்ததே. மலேசியாவில் பெரிய போட்டிகள் நடந்தபோதெல்லாம் எண்கள் சரிந்ததில் இந்த மென்மைக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. 2012இல் மைன்ஸ் திடலில் நிக் வாட்னி கடைசி நாள் 61 அடித்து வென்றார். கடைசிக் குழிக்கு வந்தபோது ஒரு பெர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) போட்டால் 59 என்ற நிலை. அங்கே பாரைவிட ஓர் அடி கூடி போகி விழுந்தது. 2015இல் கோலாலம்பூர் கோல்ஃப் மன்றத்தில் ஜஸ்டின் தாமஸ் 61. 2018 பிப்ரவரியில் சவுஜானா திடலில் இந்தியாவின் சுபங்கர் சர்மா கடைசி நாள் 62 அடித்து மேபேங்க் பட்டத்தை எடுத்தபோது அவருக்கு வயது 21.

வாட்னியின் அந்தக் கடைசிக் குழிக்குப் பிறகு வருவோம். இப்போது கொஞ்சம் கணக்கு.

உயர்நிலைத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் சராசரி 71 என்று கொள்வோம். அவர் ஒவ்வொரு நாளும் 71 அடிப்பதில்லை. சில நாள் 68, சில நாள் 74. சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறார் என்பதைப் புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்கள். அது சுமார் மூன்று அடி என்று வைத்தால், 59 என்பது பன்னிரண்டு அடி கீழே, அதாவது நான்கு மடங்கு விலக்கம். மணி வடிவப் பரவலில் அவ்வளவு ஓரத்தில் ஒரு சுற்று விழ வாய்ப்பு, முப்பதாயிரம் சுற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். இப்போது திடல் எளிது, காற்று இல்லை, தரை மெத்தென்று இருக்கிறது. அந்த நாளுக்கு மட்டும் எதிர்பார்ப்புச் சராசரி 68 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்கம் மூன்று மடங்காகச் சுருங்குகிறது. வாய்ப்பு எழுநூற்று நாற்பதில் ஒன்றாகிவிடுகிறது. சராசரி மூன்றே அடி நகர்ந்தது, அரிய நிகழ்வின் வாய்ப்போ நாற்பது மடங்கு கூடியது. பரவலின் வால்பகுதிக்கு உள்ள குணம் இது. நடுப்பகுதியை இலேசாகத் தள்ளினாலே ஓரத்தில் பெரிய மாற்றம் நிகழும்.

இதைத் தொழில்முறைக்காரர்களிடமிருந்து நம்மிடம் கொண்டுவருவோம். உங்கள் சராசரி 98, விலக்கம் ஐந்து. 89 அடிக்க வேண்டும் என்பது ஆசை. இருபத்தெட்டு ஆட்டத்துக்கு ஒருமுறை அது அமையும். மாதம் இரண்டு ஆட்டம் என்றால் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். சராசரியை 95க்குக் கொண்டுவந்துவிட்டால் ஒன்பது ஆட்டத்துக்கு ஒருமுறை. 89ஐத் துரத்தவே வேண்டாம், அது தானாக வந்து நிற்கும்.

பால்மரம் வெட்டிய பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கை விளக்குவது எளிது. தொடர்மழைக்குப் பிறகு வானம் வெளுத்த குளிர்ந்த விடியலில், ஓய்ந்திருந்த மரங்களில் கத்தி பட்டால் பால் பொங்கி வரும். அன்று ஸ்டோரில் நிறுக்கும்போது எடை எகிறும். மறுநாளும் அதே எடையை எதிர்பார்த்து மண்டோர் கேள்வி கேட்டால், வெட்டியவர் என்ன செய்வார்? நிரை அதே நிரை, கத்தி அதே கத்தி. முதல் நாளுக்கு உதவிய குளிரும் ஓய்வும் இரண்டாம் நாளுக்கு இல்லை. எடை வழக்கத்துக்குத் திரும்பும். மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் இன்னும் இறங்கும். மாதக் கணக்கைப் பார்க்கும் கிராணிக்கு இது தெரியும், ஒருநாள் எடையைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இதற்குப் புள்ளியியலில் 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர். கைபெர்கரின் நான்கு நாள் எண்களைப் பாருங்கள்: 72, 59, 72, 70. சாதனைக்கு முதல் நாளும் 72, மறுநாளும் 72. அவர் அந்தப் போட்டியை வென்றார் என்றாலும் 59க்கு அடுத்த நாள் பதிமூன்று அடி ஏறியதை 'மனம் தளர்ந்தது', 'புகழ் தலைக்கேறியது' என்றெல்லாம் விளக்கத் தேவையில்லை. எந்த அதீத நாளுக்கும் அடுத்த நாள் பெரும்பாலும் சாதாரண நாள்தான். வாழ்நாள் 'பெஸ்ட்' அடித்த மறுவாரம் 101 வந்துவிட்டது என்று மட்டையை மாற்றுகிறவர்கள், புதுப் பயிற்சியாளரைத் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்த மட்டை வாங்கும் காசு சிறு தொகையும் அல்ல.

'பெஸ்ட்' எண்ணைப் பற்றி இன்னொரு கணக்கு உண்டு. கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. உங்கள் ஆட்டத்தில் முன்னேற்றமும் இல்லை, சரிவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் சும்மா ஏறி இறங்குகின்றன. அப்படியானால் உங்கள் இரண்டாவது சுற்று முதல் சுற்றைவிடக் குறைவாக அமைய வாய்ப்பு இரண்டில் ஒன்று. பத்தாவது சுற்று அதுவரை ஆடியதில் மிகக் குறைவாக அமைய வாய்ப்பு பத்தில் ஒன்று. நூறாவது சுற்றுக்கு நூறில் ஒன்று. இவற்றைக் கூட்டினால், முதல் சுற்றையும் சேர்த்து, இருபது சுற்றுக்குள் மூன்று நான்கு முறை 'புது பெஸ்ட்' கிடைக்கும். நூறு சுற்று வரை போனாலும் மொத்தம் ஐந்து முறைதான். ஆடத் தொடங்கிய முதல் ஆண்டில் எல்லோருக்கும் ஏற்படும் உற்சாகத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்கின் கைங்கரியம். 'மூணு வருஷமா பெஸ்ட் உடையல, வயசாயிடுச்சு' என்ற புலம்பலிலும் ஒரு பங்கு இதே கணக்கினுடையது. சாதனை எண் உடைவதை வைத்து முன்னேற்றத்தை அளக்க முடியாது. திறமை கூடாமலே அது உடையும், கூடிய பிறகும் உடையாமல் இருக்கும்.

சரி, சராசரியை எப்படி இறக்குவது? இங்கே கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் வேலை உதவுகிறது. நிதிக் கணிதம் அவருடைய துறை. பிஜிஏ டூர் லேசர் கருவிகளால் பதிவுசெய்த இலட்சக்கணக்கான அடிகளை எடுத்து, எந்தத் தூரத்திலிருந்து எத்தனை அடியில் பந்து குழிக்குள் போகிறது என்று சராசரி கண்டார். தொழில்முறைக்காரர்கள் ஏறக்குறைய 0.9 மீட்டரிலிருந்து பட் (பச்சைத்தரையில் குழியை நோக்கி உருட்டும் அடி) அடித்தால் நூற்றுக்கு 96 முறை உள்ளே போகிறது. 2.4 மீட்டர் ஆனால் பாதிக்குப் பாதி. மூன்று மீட்டரில் 40. ஆறு மீட்டரில் வெறும் 15. பத்து மீட்டர் தள்ளி நின்றால் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கும் சராசரியாக இரண்டு அடி தேவை. தொலைக்காட்சியில் நீளமான பட் உருண்டு விழுவதையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, ஆறு மீட்டர் பட் தவறியதற்காக ஆயர் குரோவில் மட்டையைத் தரையில் அடிப்பவர்களுக்கு இந்த அட்டவணையை அச்சிட்டுக் கொடுக்கலாம்.

59 ஏன் அரிது என்பதும் இதிலிருந்தே புரியும். நடுத்தரத் தூரத்திலிருந்து பச்சைத்தரைக்கு அடிக்கும்போது தொழில்முறைக்காரரின் பந்தும் சராசரியாக ஏழெட்டு மீட்டர் தள்ளித்தான் நிற்கிறது. அங்கிருந்து பட் விழ வாய்ப்பு சொற்பம். பத்துப் பன்னிரண்டு பெர்டி வேண்டுமென்றால் பந்து திரும்பத் திரும்ப இரண்டரை மீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும், பட்டும் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சிறந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் வித்தியாசத்தில் பட்டின் பங்கு சுமார் 15 விழுக்காடுதான் என்றும், பச்சைத்தரையை நோக்கி அடிக்கும் அடியின் பங்கு 40 விழுக்காடு என்றும் பிராடி கண்டார். வார இறுதி ஆட்டக்காரர்களிடையேயும் 80 அடிப்பவருக்கும் 90 அடிப்பவருக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் கிடக்கிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நேரடியான கணக்கும் ஒன்று உண்டு. பார் 72 திடலில் 89 அடிக்க எத்தனை பெர்டி வேண்டும்? ஒன்றும் வேண்டாம். பதினேழு குழியில் போகி, ஒரு குழியில் பார். அவ்வளவுதான். 99க்கு ஒன்பது போகியும் ஒன்பது டபுள் போகியும் (பாரைவிட இரண்டு அடி கூடுதல்) போதும், பாரே தேவையில்லை. 79க்குப் பதினொரு பாரும் ஏழு போகியும். 98 அடித்த ஒருவரின் அட்டையை விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் நான்கைந்து பாரும் ஆறேழு போகியும் இருக்கும்; கூடவே 8, 9 என்று மூன்று நான்கு குழிகள் பல்லிளிக்கும். குளத்தைத் தாண்டி அடிக்கப் போய் இரண்டு பந்தை உள்ளே விட்டது, செம்பனை மரத்துக்கு இடையில் இருந்த ஒரு முழ இடைவெளியில் பந்தைச் செலுத்த முயன்றது என்று ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. சராசரியைக் கெடுப்பவை இந்தக் குழிகள்தான். மரத்தடியிலிருந்து பக்கவாட்டில் ஓர் அடி தட்டி வெளியே கொண்டுவந்தால் 8 என்பது 6 ஆகும். பார்ப்பதற்கு அதில் வீரம் இல்லை. சராசரி மூன்று அடி இறங்க வேறு எதுவும் இவ்வளவு விரைவாக உதவாது.

வெயிலுக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். பதினெட்டுக் குழி நடந்தால் ஏழெட்டுக் கிலோமீட்டர். நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. இலேசான நீரிழப்பிலேயே, தாகம் பெரிதாகத் தோன்றும் முன்பே, அடித்த தூரம் குறைந்தது, குறி விலகியது, தூரத்தைக் கண்ணால் கணிப்பதும் பிசகியது. மலாக்காவில் பத்து மணிக்கு மேல் பின்பாதி ஒன்பது குழியில் எண்கள் ஏறுவதற்கு மனத்திடம் குறைவு என்று காரணம் சொல்வதைவிட, ஆறாவது குழியிலேயே ஒரு போத்தல் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்பது பயன் தரும். நம் திடல்களில் பரவலாக வளரும் அகன்ற இலைப் புல்லும் கவனிக்க வேண்டியது. பந்து அதன்மேல் மிதந்தாற்போல் உட்காரும், சுலபம் என்று தோன்றும். மழைக்குப் பிறகு மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஈர இலை சிக்கினால் சுழற்சி குறைந்து பந்து எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் ஓடும்.

இனி வாட்னியின் கடைசிக் குழி. ஓர் இலக்கு எண் கண்முன் நின்றால் மனிதர்கள் வேறுமாதிரி நடந்துகொள்கிறார்கள். டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்ஸர் என்ற இரு ஆய்வாளர்கள் பிஜிஏ டூரின் இருபத்தைந்து இலட்சம் பட்களை அலசி 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே தூரம், ஒரே தரை, ஒரே ஆட்டக்காரர். பார் காக்க அடிக்கும் பட்டைவிட, பெர்டிக்கு அடிக்கும் பட் சுமார் இரண்டு விழுக்காட்டுப் புள்ளி குறைவாகவே விழுகிறது. டைகர் வுட்ஸ் உட்படப் பெரிய கைகளுக்கும் இது பொருந்தியது. பாரை இழப்பது நஷ்டமாகப் படுகிறது, பெர்டியை இழப்பது இலாபம் தவறியதாக மட்டுமே படுகிறது. நஷ்டத்தைத் தவிர்க்க மனிதன் கூடுதல் கவனம் செலுத்துகிறான். பெர்டிப் பட்டை இலேசாகத் தயங்கி அடிப்பதால் அது குழிக்கு முன்பே நின்றுவிடவும் செய்கிறது. ஓர் அட்டையில் ஒவ்வொரு அடியும் ஓர் அடிதான் என்று எல்லோருக்கும் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

இலக்கு வைப்பதே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு வைத்தவர்கள் 'முடிந்ததைச் செய்' என்று விடப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதை எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் ஆய்வுகள் பல தொழில்களில் காட்டியுள்ளன. கேள்வி, எதை இலக்காக வைப்பது என்பது. கிங்ஸ்டன், ஹார்டி என்ற ஆய்வாளர்கள் 1997இல் கோல்ஃப் ஆடுபவர்களையே இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணை இலக்காக வைத்தவர்கள் ஒரு பக்கம். 'ஒவ்வொரு அடிக்கும் முன் ஒரே ஒழுங்கில் நிற்பேன், குறிப்பிட்ட இடத்தைப் பார்த்து அடிப்பேன்' என்பதுபோன்ற செய்முறையை இலக்காக வைத்தவர்கள் மறுபக்கம். செய்முறை இலக்கு வைத்தவர்களுக்குத் தன்னம்பிக்கையும் பதற்றத்தைக் கையாளும் திறனும் மேம்பட்டிருந்தன. எண் நம் கையில் முழுதாக இல்லை, செய்முறை இருக்கிறது என்பதே காரணம்.

அதற்கு எதிர்வாதமாக ஒருவர் அன்னிகா சோரன்ஸ்டாமைக் காட்டலாம். சுவீடன் தேசிய அணியின் பயிற்சியாளர் பியா நில்சன், பதினெட்டுக் குழியிலும் பெர்டி போட்டால் 54 வரும், அது ஏன் முடியாது என்று தன் ஆட்டக்காரர்களிடம் கேட்டவர். அந்த அணியில் வளர்ந்த சோரன்ஸ்டாம், 2001 மார்ச் 16 அன்று ஃபீனிக்ஸ் நகரில், தொடங்கிய எட்டுக் குழியிலும் வரிசையாகப் பெர்டி போட்டு, மொத்தம் பதிமூன்று பெர்டி, ஐந்து பாருடன் 59 எடுத்தார். பெண்களுக்கான எல்பிஜிஏ சுற்றில் அறுபதுக்குக் கீழே போன முதல் பெண் அவர். ஆனால் 54 என்பது அவர்களுக்கு அன்றைய தினத்துக்கான இலக்காக இருக்கவில்லை. முடியாது என்று மனத்தில் கட்டிவைத்த சுவரை இடிப்பதற்கான எண் அது. அதுவரை அறுபதுக்குக் கீழே ஒரு பெண் போனதில்லை என்பதே சுவர். அந்த வாரம் அவர் எண்கள் 65, 59, 69, 68. நான்கு நாளும் எழுபதுக்குக் கீழே. அவரை உலகின் முதல் ஆட்டக்காரராக்கியது 59 அல்ல, மற்ற மூன்றும் அப்படி இருந்ததுதான் என்பேன்.

நமக்குக் கையில் கிடைக்கும் நல்ல கருவி ஹேண்டிகேப். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை கடைசி இருபது சுற்றுகளை எடுத்து, திடலின் கடினத்தைக் கழித்து, அவற்றில் சிறந்த எட்டின் சராசரியைத் தருகிறது. ஒரே ஒரு 'பெஸ்ட்' நாளை அது நம்புவதில்லை, ஒரே ஒரு மோசமான குழியும் அதைக் கெடுப்பதில்லை. ஒரு குழிக்கு இவ்வளவுக்கு மேல் எண்ணப்படாது என்று வரம்பு வைத்திருக்கிறது. சிறந்த எட்டிலிருந்து கணக்கிடுவதால் அது உங்கள் வழக்கமான ஆட்டத்தைவிட நல்ல எண்ணாகவே இருக்கும். நாலைந்து சுற்றில் ஒரு சுற்றுதான் அதைத் தொடும். ஒவ்வொரு ஞாயிறும் ஹேண்டிகேப்புக்கு ஆட முடியவில்லையே என்று வருந்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோயில் நிதிக்கும் தமிழ்ப்பள்ளி நிதிக்கும் நடத்தும் போட்டிகளில் பழக்கமான 'சிஸ்டம் 36' வேறு வகை. பாருக்கோ அதைவிடக் குறைவுக்கோ இரண்டு புள்ளி, போகிக்கு ஒன்று, அதற்கு மேல் பூஜ்யம். கூட்டி 36இலிருந்து கழித்தால் அன்றைய ஹேண்டிகேப். பரிசு பிரிக்க அது நல்ல வழி. ஆனால் ஒரே நாளின் கணக்கு அது. உங்கள் ஆட்டத்தின் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள், முக்கியமாக மோசமானவற்றை. கடைசிப் பத்து அட்டைகளை எடுத்துக் கூட்டிப் பத்தால் வகுங்கள். அதிலிருந்து மூன்றைக் கழித்து வருவதை ஆறு மாத இலக்காக எழுதிக்கொள்ளுங்கள். எட்டும் ஒன்பதும் விழுந்த குழிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அவை எங்கே தொடங்கின என்று பாருங்கள்: குளமா, மரமா, மூன்றாவது பட்டா? அடுத்த ஞாயிறு முதல் குழியில் நிற்கும்போது யாராவது உங்கள் பெஸ்ட் எவ்வளவு என்று கேட்டால், சராசரியைச் சொல்லுங்கள்.